கொரிந்துக்குப் போன கடிதத்தில் அனுப்பியவர் பெயர் ஏன் இல்லை? (ஆதி சபையை நடத்தியது யார்?)

#1 ஏட்டுச்சுவடி

நான் கிறிஸ்தவன் அல்ல. ரோம வரலாற்றுப் பித்து பிடித்தவன். பேரரசர்கள் டொமிஷியன், டிராஜன் காலத்து எழுத்துகளைத் தேடிப் போனதில் இந்தக் கடிதத்தில் வந்து மாட்டிக்கொண்டேன்.

கி.பி. 96 வாக்கில் ரோமாபுரி சபை கொரிந்து சபைக்கு நீளமான ஒரு கடிதம் அனுப்புகிறது. கொரிந்தில் சிலர் சேர்ந்துகொண்டு மூப்பர்களைப் பொறுப்பிலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர்கள் மேல் குற்றம் எதுவும் இல்லை, ஒழுங்காகத்தான் ஊழியம் செய்தார்கள், ஏன் இறக்கினீர்கள் என்று ரோமாபுரி கேட்கிறது. அப்போஸ்தலர்களுக்கு இந்தப் பதவியால் சண்டை வரும் என்று முன்பே தெரியும், அதனால்தான் ஒருவர் இறந்தால் தேர்ந்த இன்னொருவர் அந்த இடத்துக்கு வரும்படி ஏற்பாடு செய்துவிட்டுப் போனார்கள் என்கிறது (அதிகாரம் 44). கலகத்துக்குக் காரணமானவன் பெருந்தன்மை உள்ளவனாக இருந்தால் 'என்னால்தான் சண்டை என்றால் நான் ஊரைவிட்டே போகிறேன்' என்று சொல்லட்டும் என்றும் ஓரிடத்தில் வருகிறது. அருமையான இடம்.

இதைக் கிளமெந்துவின் கடிதம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உள்ளே கிளமெந்து என்ற பெயர் ஒரு இடத்திலும் இல்லை! 'ரோமாபுரியில் தங்கியிருக்கும் தேவசபை, கொரிந்தில் தங்கியிருக்கும் தேவசபைக்கு' என்று தொடங்கி, கடைசிவரை 'நாங்கள்' என்றே போகிறது. கொண்டுபோன கிளவுதியு எபேபு, வலேரியு பீத்தோ, பொர்த்துனாத்து ஆகியோரின் பெயர்கள் மட்டும் முடிவில் இருக்கின்றன. தபால்காரர் பெயர் தெரிகிறது, எழுதியவர் பெயர் தெரியவில்லை.

கொரிந்துப் பக்கமும் அப்படியே. அங்கே ஒரு பிஷப் இருந்திருந்தால் 'உங்கள் பிஷப் சொன்னதைக் கேளுங்கள்' என்று ஒரு வரியாவது வந்திருக்காதா? ஆனால் மூன்றாம் நூற்றாண்டுக்குப் போனால் ஊருக்கு ஒரு பிஷப், பெயரும் பட்டியலும் நாற்காலியுமாக உட்கார்ந்திருக்கிறார். நடுவில் என்ன நடந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 மூப்பர்வழி

தம்பி, கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. ஒருவர் பெயர் இல்லை, ஏனென்றால் அந்த ஒருவரே இல்லை. பவுலும் பர்னபாவும் சபைதோறும் மூப்பர்களை ஏற்படுத்தினார்கள் (அப்போஸ்தலர் 14:23). எபேசுவின் மூப்பர்களை மிலேத்துவுக்கு வரவழைத்துப் பேசும்போது அதே ஆட்களைத்தான் கண்காணிகள் (பிஷப் என்பதும் கிரேக்கத்தில் இதே சொல்தான்) என்று பவுல் அழைக்கிறார் (20:17, 28). பிலிப்பியர் நிருபத்தின் முதல் வசனத்தில் கண்காணிகளுக்கும் உதவிக்காரருக்கும் (டீக்கன்) வாழ்த்து. ஒரு ஊர், பல கண்காணிகள். எங்கள் சபையில் இன்றும் இப்படித்தான். சம்பளத்துக்கு ஒரு பாஸ்டரை வைப்பதில்லை. மூப்பர்கள் கூடி ஜெபித்து முடிவெடுப்பார்கள். தனி பிஷப் என்பது பிற்பாடு மனுஷர் சேர்த்தது.

#3 திருச்சிலுவை

'பிற்பாடு' என்றால் எவ்வளவு பிற்பாடு ஐயா? அந்தியோக்கியா ஆயர் (பிஷப்) புனித இஞ்ஞாசியார் (நீங்கள் இக்னேஷியஸ் என்கிறவர்) பாரம்பரியப்படி டிராஜன் காலத்தில் பத்துப் படைவீரர் காவலில் ரோமைக்கு இழுத்துச் செல்லப்பட்டார். அந்தப் பத்துப் பேரையும் சிறுத்தைகள் என்றே எழுதுகிறார். வழியில் சிமிர்னாவிலிருந்து நான்கு, துரோவாவிலிருந்து மூன்று, ஆக ஏழு கடிதங்கள். எபேசில் ஒனேசிமு, மக்னேசியாவில் தாமா, திரால்லையில் பொலிபியு, சிமிர்னாவில் பொலிகார்ப் என்று ஊருக்கு ஒரு ஆயரைப் பெயர் சொல்லிக் குறிக்கிறார். தாமா வயதில் சிறியவர், அதை வைத்து அவரைக் குறைவாக நடத்தாதீர்கள் என்று மக்னேசியாவுக்குப் புத்தி சொல்கிறார். ஆயர் இல்லாமல் திருமுழுக்கும் வேண்டாம், அன்பின் விருந்தும் வேண்டாம் என்று சிமிர்னாவுக்கு எழுதுகிறார்.

கொரிந்துக் கடிதத்துக்கும் இதற்கும் ஒரு தலைமுறைகூட இடைவெளி இல்லை. இதை எப்படி மனுஷர் சேர்த்த பழக்கம் என்று தள்ள முடியும்? ஏழு கடிதங்களிலும் 'இப்படி ஒரு புது ஏற்பாடு செய்யுங்கள்' என்று ஓரிடத்திலும் இல்லை. இருக்கிற ஆயருக்குக் கீழ்ப்படியுங்கள் என்றுதான் இருக்கிறது.

#4 ஏட்டுச்சுவடி

@திருச்சிலுவை அக்கா, இக்னேஷியஸைப் படித்தபோது என்னை உறுத்தியதே அந்த அழுத்தம்தான். ஆயர், ஆயர், ஆயர் என்று பக்கத்துக்குப் பக்கம். எல்லோரும் கீழ்ப்படிந்து நடந்த ஊரில் இத்தனை முறை சொல்ல வேண்டியிருக்காது. பிலதெல்பியாவில் அவர் கூட்டத்தின் நடுவே உரத்த குரலில் 'ஆயருக்கும் மூப்பர்களுக்கும் உதவிக்காரருக்கும் செவிகொடுங்கள்' என்று கத்துகிறார். யாரோ முன்கூட்டியே ஊர்ச் சண்டையை இவர் காதில் போட்டுவிட்டார்கள் என்று அங்கே சிலர் சந்தேகப்படுகிறார்கள். ஆவியானவர்தான் பேசவைத்தார் என்று அவர் பதில் சொல்கிறார். எதிர்க்கட்சி இருந்தது என்பது தெளிவு.

இன்னொன்று. ஏழில் ஒன்று ரோமாபுரிக்கு எழுதியது. அதில் ரோமாபுரியின் பிஷப்பைப் பற்றி ஒரு சொல் கிடையாது. வாழ்த்துகூட இல்லை. அதே காலத்தில் பொலிகார்ப் பிலிப்பிக்கு எழுதுகிறார்: 'பொலிகார்ப்பும் அவரோடிருக்கும் மூப்பர்களும்' என்று தொடக்கம். பிலிப்பியில் மூப்பர்களுக்கும் உதவிக்காரருக்கும் அடங்கியிருக்கச் சொல்கிறார். அங்கே பிஷப் தென்படவில்லை. சின்ன ஆசியாவில் ஒரு மாதிரி, மக்கெதோனியாவிலும் ரோமாபுரியிலும் வேறு மாதிரி. ஒரே நாளில் எல்லா ஊரிலும் வந்த சட்டம் போல எனக்குத் தெரியவில்லை.

#5 கணக்கர்

தணிக்கை வேலையிலேயே தலை நரைத்து ஓய்வு பெற்றவன் நான். எதைப் படித்தாலும் பணம் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போனது என்றுதான் கண் தேடும். @ஏட்டுச்சுவடி தம்பி, நீங்கள் பொலிகார்ப் கடிதத்தில் ஒரு ஆளை விட்டுவிட்டீர்கள். பிலிப்பியில் மூப்பராக இருந்த வாலென்ஸ். அவரும் மனைவியும் பண ஆசையால் கெட்டுப்போனார்கள் என்று பொலிகார்ப் வருந்துகிறார். மூப்பருக்குப் பண விஷயத்தில் கெட்டுப்போக வழி இருந்தது என்றால், சபைப் பணம் மூப்பர் கையில் புழங்கியது என்று அர்த்தம்.

அப்போஸ்தலர் நடபடிகளில் எருசலேம் மூப்பர்கள் முதன்முதலில் எந்த இடத்தில் வருகிறார்கள் என்று பாருங்கள். பிரசங்கம் பண்ணும்போது அல்ல. பஞ்சத்துக்காக அந்தியோகியா சேர்த்த உதவிப் பணத்தைப் பர்னபாவும் சவுலும் கொண்டுவர, அதை வாங்கிக்கொள்ளும்போது (11:30). அதற்கு முன் 6-ஆம் அதிகாரத்தில் ஏழு பேரைத் தெரிந்தெடுத்ததும் விதவைகளின் அன்றாடச் சாப்பாட்டுப் பங்கீட்டில் வந்த சண்டையால்தான். பவுல் எருசலேமுக்குப் பணம் கொண்டுபோகும்போது சபைகள் தெரிந்தெடுத்த ஆளைக் கூட வைத்துக்கொள்கிறார், இவ்வளவு பணத்தைப் பற்றி யாரும் தன்மேல் குற்றம் சொல்லிவிடக் கூடாதென்று (2 கொரிந்தியர் 8). இரட்டைக் கையொப்பம் இல்லாமல் காசோலை செல்லாது என்பதன் முன்னோடி!

ரோமாபுரிக்கு வருவோம். எர்மா என்பவர் எழுதிய நூலில் விதவைகள், அநாதைகளின் சொத்தைச் சுருட்டிய உதவிக்காரர்களுக்கு நல்ல அடி விழுகிறது. 150-களில் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் ஞாயிறு ஆராதனையை விவரிக்கிறார். வசதியுள்ளவர்கள் மனமுவந்து கொடுப்பது, கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், வெளியூரிலிருந்து வந்து தங்கியவர்கள் எல்லோருக்கும் அவர் பொறுப்பு. கவனியுங்கள், அப்பம் பிட்கும் கையும் பணம் வைத்திருக்கும் கையும் ஒன்றாகிவிட்டது.

அதற்குச் சற்று முன், பொந்துவிலிருந்து கப்பல் முதலாளி மார்சியோன் வருகிறார். ரோமாபுரி சபைக்கு 2,00,000 செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) கொடுக்கிறார். அப்போது லெஜியன் வீரனுக்கு ஆண்டுச் சம்பளமே 1,200 செஸ்டர்ஸ்தான். 144 வாக்கில் அவருடைய போதனை பிடிக்காமல் வெளியேற்றுகிறார்கள், பணத்தையும் முழுசாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்று கார்த்தேஜ் எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதுகிறார். சபைப் பிளவில் பணத்தைத் திருப்பிக் கொடுத்த சம்பவத்தை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை, அது தனிக் கதை. அவ்வளவு தொகையைத் திருப்பித்தர ஒரு பொது நிதி வேண்டும், அதற்குப் பொறுப்பாளர் வேண்டும்.

கடைசியாக கலிஸ்துஸ். கார்போபோரு என்பவருடைய அடிமை. எஜமானுக்காக வட்டிக் கடை நடத்தி, விதவைகளும் சகோதரர்களும் போட்ட பணத்தைத் தொலைத்து, ஓடும்போது துறைமுகத்தில் பிடிபட்டு, பிறகு சார்தீனியா சுரங்கத்துக்கு அனுப்பப்பட்டவர். (இதையெல்லாம் எழுதியவர் அவருடைய பரம எதிரி ஹிப்போலிட்டஸ். பாதி தள்ளுபடி செய்துகொள்ளுங்கள்.) திரும்பி வந்ததும் பிஷப் செப்பெரினு அவரிடம் கல்லறைத் தோட்டத்தின் நிர்வாகத்தைக் கொடுத்தார். 217 வாக்கில் அவரே பிஷப்.

ஊர்ச் சங்கத்தில் பெட்டிச் சாவி யாரிடமோ, கொஞ்ச காலத்தில் தலைவர் நாற்காலியும் அவரிடம். என் கருத்து அவ்வளவுதான். விதவைகள் பட்டியலும் நிதியும் பெரிதாகப் பெரிதாக, மூப்பர்களில் ஒருவர் நிரந்தரப் பொறுப்பாளர் ஆனார். வேதசாஸ்திரம் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது.

#6 ஆப்பிரிக்கக் கரை

கணக்கர் ஐயா, பிரமாதம். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரிலிருந்து உங்களுக்கு ஆதரவாக ஒன்று, எதிராக ஒன்று இருக்கிறது. இரவு வந்து எழுதுகிறேன்.

#7 திருச்சிலுவை

பணம்தான் ஆயரை உண்டாக்கியது என்பதை ஏற்க மாட்டேன். பணத்தைப் பார்த்துக்கொள்ள உதவிக்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் ஏன் தலைவர்கள் ஆகவில்லை?

இரண்டாம் நூற்றாண்டின் உண்மையான நெருக்கடி போதனை. வாலெந்தீனு ரோமையிலேயே உட்கார்ந்து கற்பிக்கிறார், மார்சியோன் தனிச் சபையே தொடங்குகிறார், அப்போஸ்தலர் எங்களுக்கு மட்டும் இரகசியமாகச் சொன்னார்கள் என்று ஆளுக்கு ஆள் கிளம்புகிறார்கள். எது உண்மையான போதனை என்று ஒரு சாதாரண விசுவாசி எப்படிக் கண்டுபிடிப்பார்? லியோன் ஆயர் புனித இரனேயு 180 வாக்கில் பதில் சொன்னார்: அப்போஸ்தலர் நிறுவிய சபைகளுக்குப் போய் அங்கே யாருக்குப் பின் யார் வந்தார் என்று பாருங்கள். லீனு, அனக்லேத்து, கிளமெந்து என்று தொடங்கி, பன்னிரண்டாவதாக எலுத்தேரு வரை ரோமையின் பட்டியலைத் தருகிறார். இரகசியப் போதனை இருந்திருந்தால் தங்கள் இடத்தில் உட்காரவைத்தவர்களிடம் சொல்லாமலா போயிருப்பார்கள் என்பது அவருடைய வாதம். அவர் சிறுவயதில் பொலிகார்ப்பை நேரில் பார்த்தவர். ஒருவரிடமிருந்து ஒருவருக்கு என்று போதனையைப் பாதுகாக்கத்தான் ஒற்றை ஆயர். உண்டியல் அதற்கு அடுத்தது.

#8 ஏட்டுச்சுவடி

பட்டியல் வாதம் வலுவானதுதான். ஆனால் அதே இரனேயு, பாஸ்கா (ஈஸ்டர்) தேதிச் சண்டையில் ரோமாபுரி பிஷப் விக்டருக்கு எழுதிய கடிதம், சபை வரலாறு எழுதிய யூசேபியஸிடம் இருக்கிறது. அதில் விக்டருக்கு முன்னிருந்தவர்களை 'சொத்தேருக்கு முன் இந்தச் சபைக்குத் தலைமை தாங்கிய மூப்பர்கள்' என்றே குறிப்பிடுகிறார். எர்மாவும் ரோமாபுரியில் 'சபைக்குத் தலைமை தாங்கும் மூப்பர்கள்' என்று பன்மையில்தான் சொல்கிறார். அவருடைய நூலில் கிளமெந்து என்ற பெயர் வருகிறது. வேலை என்ன தெரியுமா? வெளியூர்ச் சபைகளுக்குப் புத்தகத்தை அனுப்புவது. அது அவருடைய பொறுப்பு என்கிறார். அப்படியானால் கிளமெந்து ரோமாபுரி மூப்பர்களின் கடிதப் போக்குவரத்துச் செயலாளரா? எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது. பின்னால் பட்டியல் தயாரித்தவர்கள் அந்தப் பெயரை பிஷப் வரிசையில் வைத்திருக்கலாம்.

(பாஸ்கா சண்டையில் விக்டரை எதிர்த்த எபேசு பிஷப் பொலிக்கிராத்து, தன் உறவினர் ஏழு பேர் பிஷப், தான் எட்டாவது என்று பெருமையாக எழுதுகிறார். வாரிசு அரசியல் எல்லாக் காலத்திலும் உண்டு.)

#9 பெபேயாள்

ஆண்கள் எல்லோரும் ஒரு நாற்காலியையே சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி பெபேயாள் கொரிந்துக்குப் பக்கத்துத் துறைமுகக்காரிதான். ரோமருக்கு எழுதின நிருபத்தின் 16-ஆம் அதிகாரம் அவரைப் பரிந்துரைத்தே தொடங்குகிறது. பவுலுக்கும் அநேகருக்கும் ஆதரவாயிருந்தவர். வீடும் வசதியும் இருந்த பெண். நிம்பா வீட்டில் கூடிய சபை கொலோசெயர் நிருபத்தில் வருகிறது. கூட்டம் நடந்த வீட்டின் எஜமானிக்கு அங்கே ஒரு பேச்சும் இல்லாமலா இருந்திருக்கும்?

112 வாக்கில் பித்தினியாவில் ஆளுநர் பிளினி கிறிஸ்தவர்களைப் பற்றித் துப்பறிய யாரைச் சித்திரவதை செய்தார்? மூப்பரை அல்ல, பிஷப்பை அல்ல. தங்கள் கூட்டத்தில் ஊழியக்காரிகள் என்று அழைக்கப்பட்ட இரண்டு அடிமைப் பெண்களை. அரசாங்கத்துக்கு அடிமையைச் சித்திரவதை செய்வது சுலபம், அதனாலும் இருக்கும். ஆனால் அந்த ஊர்ச் சபையில் பட்டம் தாங்கியவர்கள் அடிமைப் பெண்கள் என்பது அந்தக் கடிதத்தில் பதிவாகிவிட்டது.

கணக்கர் ஐயா, விதவைகளை நீங்கள் செலவுப் பக்கத்தில் மட்டும் எழுதுகிறீர்கள். 1 தீமோத்தேயு 5-இல் விதவைகள் பட்டியலில் சேர நிபந்தனைகள் இருக்கின்றன: 60 வயதுக்குக் குறையாமல், ஒரே புருஷனுக்கு மனைவியாயிருந்து, அந்நியரை உபசரித்து, உபத்திரவப்படுகிறவர்களுக்கு உதவிசெய்து நற்கிரியைகளுக்குப் பெயர்பெற்றவளாக. சும்மா சோறு போட இவ்வளவு தகுதி கேட்பார்களா? அது ஒரு பொறுப்பு. பிற்பாடு கார்த்தேஜில் இருபது வயதுகூட ஆகாத ஒரு கன்னிப்பெண்ணை விதவைகள் வரிசையில் சேர்த்துவிட்டார்கள் என்று தெர்த்துல்லியன் குதிக்கிறார். வரிசை என்று ஒன்று இருந்ததால்தான் குதிப்பு. எர்மா நூலில் கிளமெந்து பெயரைச் சொன்னீர்களே தம்பி, அதே வாக்கியத்தில் கிராப்தே என்ற பெண் இருக்கிறார். விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் அவர்தான் அந்தப் புத்தகத்தை வாசித்துப் புத்தி சொல்ல வேண்டும். அவரை விட்டுவிட்டீர்கள்.

இன்னும் ஒரு கணக்கு, ஐயாவுக்காகவே. 303-இல் வட ஆப்பிரிக்காவின் சிர்தா நகரில் அதிகாரிகள் சபை வீட்டைச் சோதனை போட்டு எடுத்த பட்டியல் கிடைத்திருக்கிறது. பொன் கிண்ணம் 2, வெள்ளிக் கிண்ணம் 6, விளக்குகள். அதோடு பெண்களுக்கான அங்கிகள் 82, ஆண்களுக்கானவை 16, ஆண்கள் காலணி 13 ஜோடி, பெண்கள் காலணி 47 ஜோடி. சபை யாருக்காக இயங்கியது என்பது அந்த அலமாரியைப் பார்த்தாலே தெரிகிறது.

#10 மூப்பர்வழி

சகோதரி சொன்ன சிர்தா பட்டியல் எனக்குப் புதுசு. நன்றி.

கணக்கர் ஐயாவின் பண வாதத்துக்கு 'பன்னிருவர் போதனை' என்ற பழைய ஏட்டைப் பாருங்கள். 1873-இல் கான்ஸ்டான்டினோப்பிளில் கண்டெடுக்கப்பட்டது. அந்தச் சபைகளில் ஊர் ஊராகத் திரியும் அப்போஸ்தலரும் தீர்க்கதரிசிகளும் இருந்தார்கள். வந்தவர் ஒரு நாள் தங்கலாம், அவசியமானால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் தங்கினால் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது அடுத்த ஊர் போய்ச் சேரும்வரைக்கான அப்பம் மட்டும் வாங்கலாம். பணம் கேட்டால் கள்ளத் தீர்க்கதரிசி! இன்றைக்கு இந்தச் சட்டத்தை அமல்படுத்தினால் எத்தனை மேடை மிஞ்சும் என்று சொல்லத் தேவையில்லை.

அதே ஏட்டின் 15-ஆம் அதிகாரம்: உங்களுக்கென்று கண்காணிகளையும் உதவிக்காரரையும் நீங்களே தெரிந்துகொள்ளுங்கள், சாந்தமும் உண்மையும் உள்ளவர்களை, பண ஆசை இல்லாதவர்களை. அவர்களை அசட்டை பண்ணாதீர்கள், தீர்க்கதரிசிகளின் ஊழியத்தை அவர்களும் உங்களுக்குச் செய்கிறார்கள். பாருங்கள், உள்ளூர்க்காரர்கள் சப்பென்று தெரிகிறார்கள் என்று ஜனங்கள் அசட்டை செய்திருக்கிறார்கள். தெரிந்துகொள்கிறவர்கள் சபையார். தெரிந்துகொள்ளப்படுகிறவர்கள் பலர். நான் முதலில் சொன்னதேதான்.

#11 ஆப்பிரிக்கக் கரை

சொன்னபடி வந்துவிட்டேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

250 ஜனவரி. பேரரசர் டேசியஸ் எல்லோரும் தேவர்களுக்குப் பலியிட வேண்டும் என்று ஆணையிட்டிருக்கிறார். ரோமாபுரி பிஷப் ஃபேபியன் கொல்லப்படுகிறார். கார்த்தேஜ் பிஷப் சிப்ரியான் ஊரைவிட்டு ஒளிந்துகொள்கிறார். ரோமாபுரியில் அடுத்த பிஷப்பைத் தேர்ந்தெடுக்க 251 மார்ச் ஆகிவிட்டது. அதாவது ஏறக்குறைய 14 மாதம் பேரரசின் தலைநகரச் சபையை மூப்பர்களும் உதவிக்காரர்களும் நடத்தினார்கள். சபை சிதறவில்லை. மூப்பர்வழி ஐயா இதைச் சந்தோஷமாகக் குறித்துக்கொள்ளலாம்.

அந்தச் சமயத்தில் ரோமாபுரியிலிருந்து கார்த்தேஜுக்கு ஒரு கடிதம் வருகிறது. நல்ல மேய்ப்பன் ஓடமாட்டான், கூலிக்காரன்தான் ஓடுவான் என்று சாடை. விதவைகளையும் படுக்கையில் கிடப்பவர்களையும் சிறையில் இருப்பவர்களையும் கவனிக்க ஆள் வேண்டும் என்று அறிவுரை. அந்தக் கடிதத்தில் அனுப்பியவர் பெயர் இல்லை! யாருக்கு என்றும் தெளிவாக இல்லை. சிப்ரியான் கையில் அது சிக்குகிறது. எழுத்தும் பொருளும் காகிதமும்கூடச் சந்தேகமாக இருக்கின்றன, இது நீங்கள் எழுதியதுதானா என்று பாருங்கள் என்று அசல் கடிதத்தையே திருப்பி அனுப்புகிறார். படித்துவிட்டு நான் வாய்விட்டுச் சிரித்த ஒரே சபைப் பிதா கடிதம் அதுதான்.

@ஏட்டுச்சுவடி, உங்கள் முதல் கேள்விக்கு இங்கிருந்து வெளிச்சம் வருகிறது. ரோமாபுரி மூப்பர்கள் ஒரு குழுவாக எழுதும்போது பெயர் போடும் வழக்கம் இல்லை. 96-இல் அது இயல்பாக இருந்தது, கொரிந்தில் யாரும் 'யார் எழுதியது' என்று கேட்டதாகத் தெரியவில்லை. 170 வாக்கில்கூட சபையில் அதை வாசித்து வந்ததாக கொரிந்து பிஷப் தியொனீசியு சொல்கிறார். 250-இல் அதே மாதிரிக் கடிதம் ஒரு பிஷப்புக்கு மொட்டைக் கடிதமாகத் தெரிகிறது. நடுவில் மாறியது அதுதான்.

இப்போது கணக்கர் ஐயாவுக்கு. சிப்ரியான் தேர்வானபோதே ஐந்து மூப்பர்கள் எதிர்த்தார்கள். கிறிஸ்தவராகி சில வருடமே ஆன பணக்காரர் என்பதும் உறுத்தலாக இருந்திருக்கும். ஒளிந்திருந்த இடத்திலிருந்து அவர் செய்த முதல் வேலைகளில் ஒன்று, அந்நியர்களின் செலவுக்குத் தன் சொந்தப் பணத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், மூப்பர் ரொகத்தியானுவிடம் கொடுத்து வைத்திருக்கிறேன் என்று எழுதியது. பிறகு உதவி பெறுகிறவர்களைச் சரிபார்க்க ஒரு குழு அனுப்புகிறார். அங்கேதான் வெடித்தது. பெலிச்சிசிமு என்ற உதவிக்காரர், அந்தக் குழுவிடம் போகிறவர்களை எங்களோடு சேர்க்கமாட்டோம் என்று மிரட்டினார். பிளவு தொடங்கிய இடம் நிவாரணப் பட்டியல். பிஷப் கையில் பட்டியல் இருந்தால் பிஷப் சபை, உதவிக்காரர் கையில் இருந்தால் உதவிக்காரர் சபை. திருச்சிலுவை சகோதரி கேட்டாரே, உதவிக்காரர்கள் ஏன் தலைவராகவில்லை என்று. கார்த்தேஜில் முயற்சி செய்து பார்த்தார்கள்.

எதிராக ஒன்று சொல்கிறேன் என்றேனே, இதோ. எதிரணியின் உயிர்நாடி பணமாக மட்டும் இல்லை. சிறையில் அடிபட்டு விசுவாசத்தை விடாமல் நின்றவர்கள், பலியிட்டு விழுந்துபோனவர்களுக்கு 'இவரைச் சமாதானத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கில் சீட்டு பறந்தது என்று சிப்ரியான் புலம்புகிறார். பதவி எதுவும் இல்லாத ஒருவருக்குக் காயத்தழும்பு கொடுத்த அதிகாரம் அது. ஓடி ஒளிந்த பிஷப் அதன் முன் என்ன சொல்ல முடியும்? அவர் 13 கடிதங்களின் நகலை ரோமாபுரி மூப்பர்களுக்கு அனுப்பி, நான் சும்மா இருக்கவில்லை பாருங்கள் என்று விளக்கம் சொல்லவேண்டி வந்தது.

#12 திருச்சிலுவை

அந்த 14 மாதத்தைப் பற்றி ஒரு திருத்தம் வேண்டும். மூப்பர்கள் நடத்தினார்கள், சரி. ஆனால் விழுந்துபோனவர்களை என்ன செய்வது என்ற பெரிய கேள்வி வந்தபோது அவர்கள் கார்த்தேஜுக்கு எழுதியது என்ன? ஆயர் ஒருவர் நியமிக்கப்படும்வரை புதிதாக எதையும் செய்ய வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறோம் என்றார்கள். தங்களால் முடிவு செய்ய முடியாது என்று மூப்பர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அந்தக் கடிதத்தை அவர்களுக்காக எழுதிக் கொடுத்தவர் நொவாசியன் என்று சிப்ரியானே பின்னால் குறிப்பிடுகிறார். 251-இல் கொர்னேலியு ஆயரானதும் அதே நொவாசியன் எதிர் ஆயராகக் கிளம்பினார். மூப்பர் குழு ஆட்சியே போதும் என்று அவருக்கும் தோன்றவில்லை பாருங்கள். தனக்கும் ஒரு நாற்காலி வேண்டியிருந்தது.

#13 ஏட்டுச்சுவடி

அந்தக் கடைசி வரிக்கு என்னிடம் பதில் இல்லை :) சரி, இவர்களை யார் தேர்ந்தெடுத்தது? ஓட்டெடுப்பா, மூப்பர்களா, பக்கத்து ஊர் பிஷப்புகளா?

#14 ஆப்பிரிக்கக் கரை

மூன்றும். ஊருக்கு ஊர் விகிதம் மாறும். 236-இல் ஃபேபியன் தேர்வானதை யூசேபியஸ் சொல்கிறார்: பெரிய மனிதர்கள் பலருடைய பெயர் அடிபடுகிறது, நாட்டுப்புறத்திலிருந்து வந்து ஓரமாக நின்ற ஃபேபியன் தலையில் புறா வந்து உட்காருகிறது, ஜனங்கள் ஒரே குரலில் 'இவரே தகுதி' என்று கூவி உட்காரவைக்கிறார்கள். புறாவை நம்புவது உங்கள் விருப்பம். ஜனங்களின் கூச்சல் இல்லாமல் பிஷப் இல்லை என்பது அந்தக் கதைக்குள் இருக்கிறது. அலெக்சாந்திரியாவில் நீண்ட காலம் மூப்பர்களே தங்களுக்குள் ஒருவரைத் தெரிந்தெடுத்து பிஷப் ஆக்கினார்கள் என்று ஜெரோம் எழுதியிருக்கிறார்.

ஸ்பெயினில் பசிலிதேசு, மர்சியாலு என்ற இரண்டு பிஷப்புகள் பலியிட்டதற்கான சான்றிதழ் வாங்கிவிட்டார்கள் என்று ஜனங்கள் அவர்களை நீக்கியபோது, தகுதியானவரைத் தெரிந்தெடுக்கவும் தகுதியற்றவரை மறுக்கவும் ஜனங்களுக்குத்தான் அதிகாரம் என்று சிப்ரியான் எழுதிக் கொடுத்தார். பிஷப் ஆன நாளிலிருந்தே உங்கள் ஆலோசனையும் ஜனங்களின் சம்மதமும் இல்லாமல் எதுவும் செய்வதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன் என்று தன் மூப்பர்களுக்கும் எழுதினார். அப்படி எழுதிய அவரே, ஔரேலியு என்ற இளைஞரை யாரையும் கேட்காமல் வாசிப்பாளராக நியமித்துவிட்டு, வழக்கமாக உங்களைக் கேட்பேன், இந்த முறை தேவனே சாட்சி கொடுத்துவிட்டார் என்று அறிவிப்பு மட்டும் அனுப்பினார்.

325-இல் நிசேயா சங்கத்தின் (பிஷப்புகளின் பொதுக் கூட்டம்) 4-ஆம் விதி: மாகாணத்து பிஷப்புகள் எல்லோரும், முடியாவிட்டால் குறைந்தது மூவர் கூடி, மற்றவர்களின் எழுத்துமூலச் சம்மதத்தோடு நியமிக்க வேண்டும். அந்த விதியில் ஜனங்களைக் காணோம்.

#15 கணக்கர்

கடைசியாக என் பங்குக்கு ஒரு வரவுசெலவு. 251-இல் கொர்னேலியு அந்தியோகியாவுக்கு எழுதிய கடிதத்தில் ரோமாபுரி சபையின் ஆள் கணக்கைத் தருகிறார்: பிஷப் 1, மூப்பர் 46, உதவிக்காரர் 7, துணை உதவிக்காரர் 7, பரிசாரகர் 42, பேயோட்டுவோரும் வாசிப்போரும் வாயில் காப்போரும் சேர்த்து 52. ஆதரிக்கப்படும் விதவைகளும் வறியவர்களும் 1,500-க்கு மேல். 155 ஊழியர்கள், 1,500 பயனாளிகள். அரசாங்கத்துக்கு வெளியே அந்த நகரத்தில் இப்படி ஒரு அமைப்பு வேறெது இருந்தது? 96-இல் சில வீடுகளில் கூடிய மூப்பர்கள் பெயரில்லாமல் கடிதம் எழுதலாம். இதை அப்படி நடத்த முடியாது.

இதில் கெட்டுப்போன முனையும் உண்டு. அந்தியோகியாவின் பிஷப் சமோசாத்தா பவுல் (அப்போஸ்தலர் பவுல் வேறு). ஏழையாக வந்து பிஷப் பதவியில் பணக்காரர் ஆனார், உயர்ந்த ஆசனமும் அரசு அதிகாரிபோல் தனி அறையும் வைத்துக்கொண்டார், பிஷப் என்பதைவிட 'துசெனாரியு' என்று அழைக்கப்பட விரும்பினார் என்று மற்ற பிஷப்புகள் குற்றப்பத்திரிகை வாசிக்கிறார்கள். 2,00,000 செஸ்டர்ஸ் சம்பளம் வாங்கும் அதிகாரிக்குரிய பட்டம் அது. மார்சியோன் கொடுத்த அதே தொகை! 268-இல் சங்கம் கூடி அவரை நீக்கியது. அவர் சபைக் கட்டடத்தைக் காலி செய்யவில்லை. சபையார் வேறு வழியில்லாமல் பேரரசர் ஔரேலியனிடம் முறையிட்டார்கள். இத்தாலியிலும் ரோமாபுரியிலும் உள்ள பிஷப்புகள் யாருடன் கடிதப் போக்குவரத்து வைத்திருக்கிறார்களோ அவருக்கே கட்டடம் என்று 272 வாக்கில் தீர்ப்பு. கிறிஸ்தவரல்லாத பேரரசருக்கு எந்த வேதசாஸ்திரமும் தேவைப்படவில்லை, தபால் யாருக்குப் போகிறது என்று பார்த்தால் போதுமாக இருந்தது.

#16 மூப்பர்வழி

ஐயா, நீங்கள் சொன்ன கணக்கு வளர்ச்சியை விளக்குகிறது, நியாயப்படுத்தவில்லை. 1,500 பேருக்குச் சோறு போட ஒரு நல்ல நிர்வாகி தேவை, ஒத்துக்கொள்கிறேன். அவர் மற்ற 46 மூப்பர்களுக்கு மேல் ஆவிக்குரிய அதிகாரம் உள்ளவர் ஆனது எப்படி என்பதற்கு உங்கள் பேரேட்டில் வரி இல்லை.

#17 கணக்கர்

இல்லைதான். அந்த வரியை இக்னேஷியஸ் எழுதிவிட்டுப் போனார். திருச்சிலுவை அம்மாவிடம் கேளுங்கள்.

#18 திருச்சிலுவை

கேட்கட்டும், பதில் தயார். ஆனால் அதற்கு 256-இல் கார்த்தேஜில் 87 ஆயர்கள் கூடிய சங்கத்துக்கும், ரோமை ஆயர் ஸ்தேவானோடு சிப்ரியான் மோதியதற்கும் போக வேண்டும். பிரிந்துபோனவர்கள் கொடுத்த திருமுழுக்கு செல்லுமா என்பதில் தொடங்க வேண்டும்.

#19 மட்டுறுத்துநர்

திருமுழுக்கு / ஞானஸ்நானம் இந்த இழையில் வேண்டாம். போன தடவை அந்தப் பேச்சில் மூன்று பேர் தளத்தை விட்டே போனார்கள். சிப்ரியான்–ஸ்தேவான் சண்டைக்குத் தனி இழை திறந்திருக்கிறேன், இணைப்பு முகப்புப் பக்கத்தில். ஆப்பிரிக்கக் கரை அங்கே முதல் பதிவை எழுதட்டும். கொரிந்துக் கடிதம் பற்றி மட்டும் இங்கே தொடரலாம்.